கைப்பிடி போட்ட கட்டை

கே.ஜி.கண்டிகைப் பக்கம் இன்றைக்கும் என் பாவாவைப் பற்றிப் பேச்சு வந்தால், மூளைக்காரர் என்பார்கள். முட்டுக்கட்டைக்குக் கைப்பிடி போட்டவர் அவர்தானே என்று யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கைப்பிடி எதனால் வந்தது என்பது இவர்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

பாவா என் அக்காவின் புருஷன். எழுபதுகளின் கடைசியில், கிணறு வற்றி வேர்க்கடலையும் காய்ந்துபோன வருஷம், இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த ஒரு பழைய டிராக்டரை வாங்கினார். உழுவதற்கு அல்ல, பாரம் இழுப்பதற்கு. திருத்தணி மலைமேல் யாரோ சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஜல்லியும் மணலும் கீழேயிருந்து ஏற்ற வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியும், அதனால் நான் டிரைவர். பாவா என் பக்கத்தில் மட்கார்டுமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு வருவார். அக்கா பின்னால் டிரெய்லரில், ஜல்லிமேல் உட்கார்ந்திருப்பாள். அவள் மடியில் புளியமரத்து முட்டுக்கட்டை இருக்கும்.

மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் வண்டி திணறும். கியரைக் குறைக்கக் கிளட்சை மிதித்தால், அந்தக் கண நேரத்தில் பின்னால் உருளப் பார்க்கும். பிரேக் பிடிக்காது. பழைய டிரம் பிரேக் அது. அச்சிலிருந்து கசிந்த ஆயில் உள்ளே இறங்கி வழவழவென்று ஆகியிருந்தது. ரோட்டுப் புழுதியை அள்ளி டிரம்முக்குள் போடுவோம், ஒரு நடைக்குத் தாங்கும். டிரெய்லருக்கோ பிரேக் என்று ஒன்றே கிடையாது. ஆகவே எங்கள் வண்டியின் பிரேக், என் அக்கா. "கட்டை" என்று நான் கத்துவேன். அவள் பாரத்திலிருந்து குதித்து டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைச் செருகுவாள். கீழே காவடி எடுத்தவர்கள் ஏறி வந்துகொண்டிருப்பார்கள். அவள் கை கொஞ்சம் தாமதித்தால் வண்டி அவர்கள்மேல்தான் போகும்.

பார்த்தவர்கள் மெச்சினார்கள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று டீக்கடையில் சொல்வார்கள். பாவா அதைத் தனக்கு வந்த பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. ஆனால் மறுநாளும் "கட்டை" என்று கத்தியவன் நான்தான். அதை மறைத்துவிட்டு அவரை மட்டும் திட்டினால் நியாயம் ஆகாது.

புதிய மாடல் டிராக்டரின் டிஸ்க் பிரேக்கை இதிலேயே பொருத்திவிடலாம் என்று அரக்கோணம் ரோட்டு மெக்கானிக் சொல்லியிருந்தார். கடைசல் வேலை கொஞ்சம் இருக்கும், இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். நான் எத்தனை தடவை கேட்டாலும் பாவாவிடம் ஒரே பதில்தான். "வண்டி நிக்குதில்ல, இன்னும் இன்னா?" ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். லாரி ஹாரன் வைத்தார். கிருத்திகை தவறாமல் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பிரேக் மட்டும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று போய்க்கொண்டே இருந்தது.

ஒருநாள் கட்டை உள்ளே போயிற்று, அக்காவின் கை வெளியே வருவதற்குள் சக்கரம் உருண்டுவிட்டது. இடது கையில் இரண்டு விரல் நசுங்கியது. நான் வண்டியைவிட்டு இறங்கப் போனேன். அவள் முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு, "மொதல்ல மேல ஏத்துடா, பின்னால ஜனம் வந்துகினு கீது" என்றாள். ஆஸ்பத்திரியில் மோதிர விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பாவா வாசலில் உட்கார்ந்து ரம்பத்தால் எதையோ அறுத்துக்கொண்டிருந்தார். மனுஷன் மனசு கலங்கிப்போயிருக்கிறார், கை சும்மா இருக்க மாட்டாமல் ஏதோ செய்கிறார் என்று நினைத்தேன். அவர் செய்தது கைப்பிடி. முட்டுக்கட்டையில் ஒரு முழ நீளத்துக்குச் சட்டத்தை வைத்து ஆணி அடித்து, கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "இனிமே கை உள்ள போவாது, பாரு."

அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து வியந்தார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் அளவெடுத்துக்கொண்டு போனார். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களைவிடக் கட்டையைத் தூக்கிப் பார்த்தவர்கள் அதிகம். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. பிரேக் மாற்றாமல் வண்டியில் ஏற மாட்டேன் என்று சாவியை அவர் முன்னால் வைத்தேன். வேறொரு டிரைவரைக் கூட்டிவந்தார். அவன் ஒரே ஒரு நடை போய்விட்டுக் கும்பிடு போட்டான். பத்து நாள் வண்டி சும்மா நின்றது. சத்திரம் கட்டும் மேஸ்திரி வேறு வண்டி பார்க்கப்போவதாகச் சொன்ன பிறகுதான் பாவா மெக்கானிக்கிடம் போனார்.

புது பிரேக் போட்ட முதல் நடையில், வேண்டுமென்றே இரண்டாவது வளைவில் நிறுத்தினேன். ஆணி அடித்தது போல நின்றது வண்டி. திரும்பிப் பார்த்தேன். அக்கா ஜல்லிமேல் உட்கார்ந்து கீழே தெரிந்த குளத்தைப் பார்த்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். மடி காலியாக இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அது ஒன்பது நாள்தான் நீடித்தது. பத்தாம் நாள் பாவா டிரெய்லரின் பக்கப் பலகைகளை ஓர் அடி உயர்த்திக் கட்டினார். பிரேக்தான் புதுசாயிற்றே, தாங்கும் என்றார். பிறகு கொட்டகையிலிருந்து அந்தக் கைப்பிடிக் கட்டையை எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினார், எதற்கும் இருக்கட்டும் என்று. பிரேக் யாருக்காக மாற்றியது என்று நான் கத்தினேன். அவருக்கு என் கோபம் விளங்கவே இல்லை. அக்கா கட்டையை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் வாங்கிக்கொண்டதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அதே வளைவு, அதே அதிகப் பாரம். பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு சாண் பின்னால் வழுக்கி நின்றது. பாவா மட்கார்டிலிருந்து திரும்பி, "கட்டை, கட்டை" என்று கத்தினார். அக்கா இறங்கவில்லை.

"காலைல நீங்க குளிச்சீங்களே சுடுதண்ணி, அதுக்கு அந்தக் கட்டைதான் எரிஞ்சிது" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "எறங்கி நீங்க கைய வைங்க."

பாவா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு இறங்கினார். ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை உருட்டிக்கொண்டுபோய்ச் சக்கரத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே அந்தப் பக்கப் பலகைகளை அவரே அவிழ்த்தார், அது வேறு விஷயம். வளைவில் அந்த நேரம் அவருடைய இரண்டு கையும் டயருக்கு அடியில் இருந்தன. அங்கிருந்து தலையைத் தூக்கி என்னைக் கேட்டார்.

"புடிச்சிகினு இருக்கியாடா?"

பிரேக் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லவில்லை.