மாப்பிள்ளைக்கு முதல் கிளாஸ்

எங்கள் ஊரில் குடிப்பதற்கு வயது என்று தனியாக எதுவும் இல்லை, கல்யாணம்தான் வயது. முப்பது வயதான ஒருவன் கல்யாணம் ஆகாமல் வாயில் வாடையோடு வந்தால் களத்தில் நிற்கவைத்து அடிப்பார்கள். அவனே தாலி கட்டிவிட்டு முதல் ஆடிப் பதினெட்டுக்கு மாமனார் வீட்டுக்குப் போனால், கிளாஸைக் கையில் திணிப்பார்கள். ஊற்றிக் கொடுக்க வேண்டியது பெண்ணின் அண்ணனோ தம்பியோ. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் ஊற்றலாம், குடிக்கக் கூடாது. மாப்பிள்ளை வாய் வைக்காமல் மற்ற ஆண்கள் குடிக்கக் கூடாது. ஆண்கள் குடிக்காமல் இலை விழாது. ஆண்கள் சாப்பிட்டு எழாமல் பெண்கள் உட்காரக் கூடாது. காலையில் ஆறு மணிக்கு அடுப்பு மூட்டியவள் மாலை நாலு மணிக்குச் சாப்பிடுவதற்குப் பெயர் பண்டிகை.

சாராயக் கடைகள் திறந்திருந்த அந்த வருஷங்களில் ஒன்றில்தான் என் அக்காவின் தலை ஆடி. எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கம். ஆடி பிறந்ததும் அக்காவை அழைத்து வந்துவிட்டோம். பதினெட்டாம் தேதி விருந்துக்கு அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, வர வேண்டும். நான் சேலத்தில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன், முதல்நாளே லீவு போட்டு வந்திருந்தேன்.

காலையில் கறி வெந்துகொண்டிருந்தபோது அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். சட்டியிலிருந்து ஒரு ஈரல் துண்டை எடுத்து, ஊதி, என் கையில் வைத்தாள். விருந்துக்கு முன்னால் திருட்டுத்தனமாகத் தின்னும் அந்த ஒரு துண்டுக்கு ஈடாக விருந்தில் எதுவும் இருக்காது. நான் மென்றுகொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"டேய், மாமாவுக்கு நீ ஊத்தக் கூடாது."

"ஏங்க்கா?"

"நாலு வருஷம் குடிச்சிருக்காரு. விட்டு ஒரு வருஷம் ஆவுது. ஒரு கிளாஸ் உள்ள போனா நிறுத்த முடியாதுன்னு அவரே எங்கிட்ட சொல்லி அழுதாரு."

"அப்பாகிட்ட சொல்லிடேன்."

"சொன்னா, குடிகாரனுக்கா பொண்ணக் குடுத்தோம்னு ஆரம்பிச்சிடுவாங்க. நீ ஊத்தலன்னா வேற யாரும் ஊத்த முடியாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

சரி என்றேன்.

மாமாவை அழைத்துவர மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியவனும் நான்தான். பதினோரு மணி ரயிலுக்குக் கிளம்பலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு முந்தைய ரயிலிலேயே இறங்கி, பஸ் பிடித்து, ஒரு கையில் பையும் இன்னொரு கையில் மிக்சர் பொட்டலமுமாகத் தானாகவே வாசலில் வந்து நின்றார். அவர் சிரித்தார். பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"தலை ஆடிக்கு வர்ற மாப்ள தனியா நடந்து வர்றாரு. ஊரே பாத்திருக்கும். வெளங்குமாடா இந்த வூடு?" என்று என்னைத் திட்டினார்.

மதியம் மாட்டுக்கொட்டாயில் கட்டில்களைப் போட்டார்கள். மாப்பிள்ளைக்காகத் தருமபுரியிலிருந்து வாங்கி வந்த பிராந்தி, மற்றவர்களுக்குச் சாராயம், எனக்கு ஒரு கோலி சோடா. வறுத்த குடல் ஒரு தட்டில் இருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்து, "ஊத்துடா" என்றார்.

நான் ஊற்றுவதற்குள் மாமா, "எனக்கு வேணாங்க மாமா, பழக்கமில்லீங்க" என்றார்.

கொட்டாயில் இருந்த ஆறேழு பேரில் ஒருவர்கூட அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மாமனார் வீட்டில் மாப்பிள்ளை வேண்டாம் என்றால் கோபம் என்று பொருள். கோபத்துக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் கையிலேயே இருந்தது.

"ஸ்டேஷனுக்கு ஆள் வரலன்னு மனசுல வெச்சிருக்கீங்க" என்றார் பெரியப்பா.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லன்னா எடுத்துக்கோங்க."

"நெசமாவே வேணாங்க."

"பாத்தியா, எறங்க மாட்டேங்கிறாரு" என்று அப்பாவிடம் திரும்பினார். அந்தப் பக்கம் இருந்த ஒருவர், "ஒருவேளை இந்தச் சரக்கு புடிக்கலயோ?" என்றார். இன்னொருவர், "பையனுக்கு ரெண்டு அறை குடுங்க, மாப்ள சமாதானம் ஆயிடுவாரு" என்றார். சிரித்தார்கள். ஒரு மனிதன் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். அதைக் கேட்க அங்கே ஒரு காதுகூட இல்லை.

அரை மணி நேரம் போனது. அப்பா எழுந்தார். தன்னைவிட முப்பது வயது சின்னவர் முன்னால் இரண்டு கைகளையும் கூப்பினார். "தப்பு எங்க மேலதான், மாப்ள. மன்னிச்சிக்கோங்க" என்றார். மாமா பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதாவது சொல் என்று கேட்கிற பார்வை. அதை வேறு எப்படியும் எடுத்துக்கொள்ள முடியாது; இத்தனை வருஷம் முயன்று பார்த்துவிட்டேன்.

ஒரு வாக்கியம் போதும். வயிறு சரியில்லை, டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் என்று ஒரு பொய் சொன்னாலும் போதும். அப்பாவின் கூப்பிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, எப்படியாவது அந்தக் கைகள் இறங்கினால் சரி என்றிருந்தது. ஊற்றினேன். பாதிக் கிளாஸ்.

மாமா ஒரே மூச்சில் குடித்துவிட்டார். கொட்டாயே ஆர்ப்பரித்தது. "மாப்ள மனசு எறங்கிட்டாருய்யா!" என்றார் பெரியப்பா. மாமா காலிக் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. என் பக்கம் நீட்டினார். அதற்குப் பிறகு யாரும் அவரை வற்புறுத்தவில்லை, தேவைப்படவில்லை.

இலை போட்டபோது மணி மூன்றரை. குழம்பின் மேல் கொழுப்பு உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. மாமாவுக்குப் போட்ட இலை காலியாகக் கிடந்தது. அவர் கொட்டாயில் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். அக்கா அந்த இலையைத் தாண்டித் தாண்டி எல்லோருக்கும் களியும் கறியும் போட்டாள். "இன்னும் ரெண்டு எலும்பு போடும்மா" என்று கேட்டவருக்கு இரண்டு எலும்பு போட்டாள். நான் கை கழுவப் போனபோது பின்னால் வந்து நின்றாள்.

"யாருடா ஊத்தினது?"

"பெரியப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "மொறைய மீறி அவரே ஊத்திட்டாரா?" என்றாள்.

"ஆமாங்க்கா."

கார்த்திகைக்குள் மாமா பழையபடி குடிக்க ஆரம்பித்துவிட்டார். அக்கா பெரியப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். எங்கள் ஊருக்கு வரும்போது அவர் எதிரே வந்தால் தெருவை மாற்றினாள். பெரியப்பா இறந்தபோது தகவல் சொல்லியும் வரவில்லை. பாடை கட்டிக்கொண்டிருந்த இடத்தில் அப்பா என்னைக் கேட்டார்: "அவரு இவளுக்கு அப்படி என்னடா செஞ்சாரு?"

தெரியவில்லை என்றேன்.