ஆர்விலுடைய கோட்டின் இடது ஓரம்

ஆர்வில் ஸ்டிட்டத்தின் கோட்டு எப்போதும் நேராகத் தொங்கும். வலது உள்பையில் கைத்துப்பாக்கி கனக்கும் என்பதால், அவர் மனைவி நாடீன் அக்கா இடது ஓரத்தைப் பிரித்து, தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளை உள்ளே வைத்துத் தைத்திருந்தார். அந்த உள்பையும் துப்பாக்கியை அளந்து அக்கா தைத்ததுதான். சர்ச் வாசலில் நிற்கிற ஆம்பிளை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் அசிங்கம் என்பது அக்காவின் கட்சி.

அமெரிக்காவில், மிசௌரியில் எங்கள் பக்கத்துச் சர்ச்சுகளில் இப்போது துப்பாக்கியோடு நிற்கிற காவல் குழு இல்லாத சர்ச் குறைவு. எங்கள் குழுவுக்கு ஆர்வில்தான் முதல் ஆள். வாழ்நாளெல்லாம் கேஸ் லாரி ஓட்டியவர். பனியில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது மலைமேல் ஒற்றை வீட்டுக்கும் போய், வீட்டைச் சூடாக்குகிற கேஸ் டாங்கியை நிரப்பிவிட்டு வருவார். ஓய்வுபெற்ற பிறகு அவர் வாசலில் நின்று கைகுலுக்கித்தான் எங்களை உள்ளே விடுவார். நாடீன் அக்கா கடைசி வரிசையில், அவருக்குப் பக்கமாக உட்கார்ந்திருப்பார்.

அக்கா வசந்தகாலத்தில் போய்ச் சேர்ந்தார். ஊரே சாப்பாடு சமைத்துக் கொண்டுபோய் ஆர்வில் வீட்டுப் பிரிட்ஜில் அடுக்கியது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "இருக்கேன்" என்பார். மழை வருமா என்றாலும் அதே குரலில் "வரும்" என்பார். அழுதிருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகம் மழித்து, கோட்டு மாட்டி, வாசலுக்கு வந்துவிடுவார். அந்த வாசலும் இல்லாவிட்டால் மனுஷன் படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும்.

என் துப்பாக்கிக் கடைக்கு அவர் வந்தது இலையுதிர் காலத்தில். குழுத் தலைவன் கேட் வொம்பிள், நேற்று மீசை முளைத்தவன், அவர் கண்ணைப் பற்றிப் பேசியிருக்கிறான். துப்பாக்கி முனையில் இருக்கிற குறி தெரியவில்லை என்றால் லேசர் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வருஷாந்திரச் சுடும் சோதனைக்கு வர வேண்டாம், வாசலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்றானாம்.

நான் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துவிட்டு, உள்ளே எதுவும் இல்லையென்று இரண்டு தடவை பார்த்தேன். குழலுக்குக் கீழே பச்சை லேசரை வைத்து, சின்னத் திருகாணிகளை முறுக்கினேன். அந்தப் பக்கச் சுவரில் ஒரு மான் தலை உண்டு. அதைக் குறிபாருங்கள் என்று கையில் கொடுத்தேன்.

பச்சைப் புள்ளி மானின் மூக்கில் விழுந்தது. பிறகு காதுக்குப் போனது, கொம்புக்குப் போனது, சுவருக்கு இறங்கி மறுபடி கண்ணுக்கு வந்தது. ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"லூசா மாட்டிட்டியாம்மா?" என்றார்.

நான் வாங்கிப் பிடித்தேன். புள்ளி மூக்கிலேயே நின்றது. நான் ஏன் அதை வாங்கினேன் என்று இன்றைக்கும் என் மேலேயே கோபம் வருகிறது.

அவர் கையைக் கோட்டுப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வெயில்ல இது தெரியுமா, ட்வைலா?"

"பச்சை நல்லாத் தெரியும். செவப்புதான் வெளிச்சத்துல தெரியாது, பிரதர்."

"அப்ப செவப்ப மாட்டு."

குறி தெரியவில்லை என்று லேசர் வாங்க வந்தவர், தெரியாத லேசரைக் கேட்டார். எனக்குப் புரிந்தது. சிவப்பை மாட்டினேன். லேசரோடு துப்பாக்கி அக்கா தைத்த உள்பைக்குள் போகவில்லை. தையலைப் பிரித்துப் பெரிதாக்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

சோதனை சனிக்கிழமை, வொம்பிள் குடும்பத்து மேய்ச்சல் நிலத்தில். காலையிலிருந்து பளீரென்று வெயில். ஆர்வில் முறை வந்தபோது பார்த்து மேகம் மூடிக்கொண்டது. மண்மேட்டின் முன்னால் குறிக்காக நட்டிருந்த வெள்ளைக் காகிதத்தில் சிவப்புப் புள்ளி துல்லியமாகத் தெரிந்தது. ஈயைப் போல அலைந்தது. காகிதத்தை விட்டு மண்ணுக்குப் போய், திரும்பி வந்தது. எல்லாரும் பார்த்தோம். கிட்டத்து இலக்கு, பழகின கை. எப்படியோ அத்தனை குண்டும் காகிதத்துக்குள்ளேயே விழுந்தன.

"பாஸ், பிரதர்," என்றான் கேட், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு. மற்றவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்ததும் டப்பாவோடு வந்தார். லேசரைக் கழற்றச் சொன்னார். கழற்றித் துப்பாக்கியை அவர் பக்கம் நகர்த்தினேன். அதை என் பக்கமே தள்ளினார்.

"இத நீயே வச்சுக்க. புள்ளி காகிதத்த விட்டு வெளியில போச்சே, பாத்தியா? சர்ச்சுல அந்த எடத்துல புள்ளைங்க நிக்கும்."

"கேட்கிட்ட சொல்லிடலாமா, பிரதர்?"

"சொன்னா வாசல் போயிடும்மா," என்றார், மழை வரும் என்று சொல்கிற அதே குரலில். "வேற எடம் எனக்கில்ல."

நான் சொல்லவில்லை. அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். வாசலில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்கிறார் என்று நம்பித்தான் அத்தனை பேரும் கண்ணை மூடி ஜெபிக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் வாசலில் நின்றார். பாஸ்டர் மேடையிலிருந்து, பிரதர் ஆர்வில் இருக்கும்வரை நமக்கென்ன பயம் என்றார். ஜனங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போதுதான் கவனித்தேன். கோட்டு நேராகத் தொங்கவில்லை. வலது பக்கம் வெறுமையாக இருந்தது. இடது ஓரம் கீழே இழுத்து, மனுஷனையே ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்: "கோட்டு இடது பக்கம் இழுக்குது, பிரதர். பாக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும். கொண்டாங்க, அந்த ஈயத்த எடுத்துடறேன்."

"அத எடுக்காத," என்றார். அக்கா போன பிறகு முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. "அது நாடீன் வச்சது."

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அவர் கையை விடுவித்துக்கொண்டு அடுத்தவருக்கு நீட்டினார்.