ஆர்கனுக்குப் பின்னால காத்தடிக்கிறவன்

இல்ல, வாசிக்கிறது நானில்ல. அது எஸ்தர் டீச்சர். நான் பின்னால நின்னு காத்தடிக்கிறவன். துருத்திக் கைப்பிடிய நான் அமுக்கலன்னா டீச்சர் சும்மா பலகையில தட்டிட்டு இருக்க வேண்டியதுதான். மறைவுல நின்னு வேல செய்யுறவங்களுக்கு நான் சொல்லுறது புரியும்.

புளி போட்டுத் தேச்சது

எங்க சர்ச் ஆர்கன் சீமையில இருந்து கப்பல்ல கொல்லத்துக்கும், அங்க இருந்து வள்ளத்துல வள்ளக்கடவுக்கும் வந்ததாம். வெள்ளக்காரங்க போன மறுவருஷம் சபைக் கமிட்டி சொல்லிட்டு: இனி ஒரு ஆராதனையில மக்கர் பண்ணினா ஆர்கனப் பூட்டிட்டு ஹார்மோனியம். ஹார்மோனியத்துக்குக் காத்தடிக்கத் தனி ஆள் வேண்டாம். எனக்கு உறக்கம் போச்சு.

அந்த வாரந்தான் குழலெல்லாம் நட்டிருக்கிற காத்துப்பெட்டிக்குள்ள எலி. அதப் பிடிக்க ஒரு வரிசைக் குழல் அம்பத்துநாலையும் கழத்தினேன். எது எந்தக் குழின்னு தெரிய, நைட் ஸ்கூல்ல படிச்ச இங்கிலீஷ் எழுத்த மையால ஒவ்வொண்ணுலயும் எழுதி வச்சிருந்தேன். சனிக்கிழமை காலையில பாத்தா, மணியடிக்கிற கோயில்பிள்ளை ஞானமுத்து எல்லாத்தையும் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேச்சு நிறுத்தியிருக்காரு. மை போன இடம் தெரியல.

"பெருசுல இருந்து சிறுசு வரைக்கும் உயரப்படி அடுக்கியிருக்கேன் அண்ணாச்சி, பாக்க சேலா இருக்குல்லா."

வாயால ஊதினது

உயரப்படி வச்சா போறாதான்னு கேப்பீங்க. போறாது. நெட்டைக் குழல் ஒண்ணு இடக்கோடியில, அடுத்தது வலக்கோடியில, இப்படி மாறி மாறி வந்து நடுவுல குட்டையில முடியும். கனம் ரெண்டு பக்கமும் சமமா நிக்க ஆர்கன் செஞ்சவன் அப்படி வச்சிருக்கான். இதுல தலையில மூடி வச்ச குட்டைக் குழல், மூடியில்லாத நெட்டையவிடத் தாழ்ந்து பாடும்.

வேற வழியில்ல. ஒவ்வொண்ணா நான் வாயால ஊத, டீச்சர் கேட்டு சுரம் சொல்ல, அந்தந்தக் குழியில நட்டோம். பன்னெண்டாவதுல எனக்குக் கண்ண இருட்டிட்டு வந்துது. மிச்சத்த நாளைக்கு விடியக்காலம் பாக்கலாமான்னேன். அவங்க நிமிந்துகூடப் பாக்கல.

"தலை சுத்தினா உக்காந்து ஊதுங்க அண்ணாச்சி."

ஜெபத்துல பாடினது

ஞாயித்துக்கிழமை முதல் பாட்டு சரியாப் போச்சு. ஜெபம் தொடங்கினதும் ஒரு குழல் தன்னால ஊத ஆரம்பிச்சுட்டு. மழையில மரம் வீங்கி, குழலுக்கு அடியில காத்த அடைக்கிற பலகை பாதியில நின்னுபோச்சு. மூணாவது பெஞ்சுல கமிட்டி செக்ரட்டரி. நான் உள்ள கைய விட்டு அந்தக் குழலையே உருவிட்டேன். பெறவு கடைசிப் பாட்டு முடியுற வரைக்கும் குழல் கக்கத்துல, காத்து போகாம பெருவிரல் குழியில, மத்தக் கை துருத்தியில. அந்த ஒரு சுரம் வர்ற இடமெல்லாம் ஆர்கன் ஊமை.

ஆராதனை முடிஞ்சு செக்ரட்டரி நேரா பின்னால வந்தாரு. கக்கத்துல இருந்த குழல ஒளிக்க இடமில்ல. முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

"இன்னைக்குத்தான் என் பாட்டு என் காதுல விழுந்துது, ஹார்மோனியத்தப் பெறவு பாக்கலாம்."

முழுசாப் பாடினப்ப வேண்டாம்னவங்க ஒரு குழல் ஊமையானதும் இருக்கட்டும்னாங்க, அப்படித்தான் என் வேல நிலைச்சுது.

இரிங்க, டீச்சர் கூப்பிடுறாங்க.

"அண்ணாச்சி, காத்து."

வாறேன்.