தென்துருவத்துக்குப் போன பண்டல்

செல்வக்குமார் வாத்தியார் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு சொந்த வேலை பார்க்கப் போனதில்லை. ஆனால் நல்ல பேருக்கு அலைகிற ஆள். யாராவது பெரிய மனுசர் பாராட்டிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறே வேண்டாம்.

முதலிபாளையம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு அவருடையது. அப்பா கன்னையன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டால் செல்வக்குமாரும் அங்கேதான் போவார். அப்பா வெட்டிப்போடும் துணியை அடுக்கிக் கட்டி, சைஸும் நம்பரும் எழுதிய மஞ்சள் சீட்டை ஒவ்வொரு பண்டலிலும் செருகுவார். சீட்டு இருந்தால் ஆர்டர் துணி, இல்லாவிட்டால் வேஸ்ட். இந்த ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. வாத்தியாருக்குத் தெரியாதென்று யாரும் சொல்ல முடியாது.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். ஒப்பிக்க வைக்காதீர்கள், செய்து காட்டுங்கள் என்று மேலே இருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றதும் வாத்தியார் துருவப் பகுதிகளைப் பாடமாக எடுத்துக்கொண்டார். வகுப்பில் ஒரு மூலை வடதுருவம், அங்கே பனிக்கரடி. எதிர்மூலை தென்துருவம், அங்கே பெங்குவின். இரண்டும் ஒன்றையொன்று கண்ணால் கூடப் பார்த்ததில்லை என்பது பிள்ளைகள் மனசில் பதிய வேண்டுமாம்.

மீன்காரரிடம் ஐஸ் வாங்கிப் பக்கெட் தண்ணீரில் போட்டார். இரண்டு பிளாஸ்டிக் பைக்கு நடுவில் வனஸ்பதியை அப்பி, அதற்குள் கையை விட்டுத் தண்ணீரில் முக்கச் சொன்னார். வெறுங்கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்ட பிள்ளைகள், கொழுப்புப் பைக்குள் விட்ட கையை எடுக்கவே மனசில்லாமல் நின்றார்கள். கரடிக்குத் தோலுக்கடியில் கொழுப்பு எதற்கு என்று அப்புறம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"அப்ப எங்கப்பாவோட மொதலாளிக்கு ஏசி போட்டாலும் குளுராதுங்களா சார்?" என்று தனுஷ் கேட்டான். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார்.

பனிக்கு என்ன செய்வது? வீட்டுக்கு ஒரு பை வெள்ளை பனியன் வேஸ்ட் கொண்டுவரச் சொன்னார். வந்த துணியெல்லாம் வடதுருவத்துக்கே சரியாகிவிட்டது. தென்துருவம் வெறும் சிமெண்டுத் தரையாகக் கிடந்தது. பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார். இன்டர்வல் மணி அடித்தபோது வாத்தியார் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார்: பக்கத்தில் வீடு இருக்கிறவர்கள் ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் கொண்டுவரலாம்.

வேல்விழி ஓடினாள். அவள் அம்மா சின்னத்தாய் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கம்பெனி ஆர்டரை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப்வொர்க்காரர் பெருமாள்சாமியிடம் வெட்டிய துணி வாங்கிவந்து, வீட்டில் ஒற்றை மிஷினில் குழந்தை பனியன் தைத்துக் கொடுப்பாள். அந்த நேரம் அவள் தண்ணிக் குழாயடியில் இருந்தாள். பிள்ளை மிஷினுக்கடியில் இருந்த வெள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றது.

வாத்தியார் வாங்கினார். ஒரே அளவில் அடுக்கிய துணி. நடுவில் மஞ்சள் சீட்டு. ஒரு நொடி கை நின்றது. வராந்தாவில் தலைமையாசிரியர் யாருக்கோ வணக்கம் சொல்வது கேட்டது. சீட்டை உருவிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "சீக்கிரம் கத்திரிங்க கண்ணுகளா" என்றார். நாலு கத்திரி சேர்ந்ததில் பண்டல் பனியாகிவிட்டது. பிள்ளைகள் பெங்குவின் மாதிரி துணிப்பந்து முட்டையைப் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு அதன்மேல் தத்தித் தத்தி நடந்தார்கள். அதிகாரி கையைத் தட்டினார், வாத்தியாரோடு நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வேல்விழி வரவில்லை. தனுஷ்தான் சொன்னான். சின்னத்தாய் ஒரு பண்டலை வேஸ்ட் கடைக்கு விற்றுவிட்டாள் என்று பெருமாள்சாமி தெருவில் நின்று பேசினாராம். மீதித் துணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். இனிமேல் அந்தத் தொழிலில் யாரும் அவளுக்குத் துணி கொடுக்க மாட்டார்களாம்.

வாத்தியார் அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. துணியை மேலே எடுத்து வைக்க வேண்டியது அவள் பொறுப்புத்தானே என்று தனக்குத்தானே நியாயம் பேசினார். பிள்ளையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பத்து வயசுப் பிள்ளைமேல் பழியைச் சாய்த்துப் பார்த்தார். சாயவில்லை. அதற்கடுத்த நாளும் வேல்விழியின் இடம் காலியாக இருந்தது. தென்துருவம் அப்படியே மூலையில் கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே பாடம் நடத்தினார்.

அதற்கும் மறுநாள், சனிக்கிழமை மத்தியானம், பெருமாள்சாமியின் குடோனுக்குப் போனார். அங்கே சின்னத்தாயும் இருந்தாள். கதவோரம் நின்று, தான் திருடவில்லை, பிள்ளைதான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்விட்டது என்று எத்தனையாவது முறையாகவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெருமாள்சாமி அவள் முகத்தைப் பார்க்காமல் துணி எண்ணிக்கொண்டிருந்தார். வாத்தியாரைக் கண்டதும் எழுந்து சேரைத் துடைத்துப் போட்டார்.

வாத்தியார் உட்காரவில்லை. பாக்கெட்டிலிருந்து சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பண்டல நாந்தானுங்க வெட்டிப்போட்டேன். புள்ள தெரியாமக் கொண்டாந்துது. நான் சீட்டப் பாத்தேன். பாத்துட்டுத்தான் பாக்கெட்டுல போட்டனுங்க."

துணிக்கு ஈடு கொடுக்கிறேன் என்றும் சொன்னார். அதே வெளுப்பில் துணி இனி வராது, வெளுக்கிற ஒவ்வொரு தடவையும் வெள்ளையிலும் நிறம் கொஞ்சம் மாறும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

பெருமாள்சாமிக்கு வாத்தியார் மேல் கோபம் வரவில்லை. அதுதான் கொடுமை.

"அட, உடுங்க சார். பாடத்துக்குத்தானுங்களே எடுத்தீங்க. நான் கம்பெனியில சொல்லிக்கறனுங்க. மொதல்ல உக்காருங்க" என்று சொல்லி டீக்கு ஆள் அனுப்பினார். சின்னத்தாயைப் பார்த்து, நாளையிலிருந்து துணி எடுத்துக்கொள் என்று போகிறபோக்கில் சொன்னார். தப்புச் செய்தவருக்கு சேரும் டீயும். ஒன்றும் செய்யாதவள் இன்னும் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். டீ வந்தது. வாத்தியார் அதை மேசைமேல் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வெளியே வந்ததும் சின்னத்தாய்தான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"சாரு சீட்டப் பாத்தாரும்மான்னு எம்புள்ள அன்னைக்கே சொல்லுச்சு. வாத்தியார் மேலயா பொய் சொல்லுதன்னு வெளக்குமாறு பிய்யப் பிய்ய அடிச்சிட்டேன் சார். கை வீங்கிக் கெடக்கா. எங்கிட்ட சொன்னது போதும். அவகிட்ட வந்து சொல்லுங்க."

போனார். வேல்விழி மிஷினுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாத்தியார் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சீட்டைப் பார்த்ததைச் சொன்னார், மறைத்ததைச் சொன்னார், இரண்டு நாள் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னார். திங்கட்கிழமை வகுப்பிலும் சொல்வேன் என்றார்.

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன் கண்ணு."

"நம்புனாளா?"

வாசலில் நின்ற சின்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியார் அந்த வீங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.