பைய என்றோர் ஊர்

நாங்குநேரி தாண்டிப் பழைய சாலையில் தெற்கே போனால், உடைமரமும் செம்மண்ணும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத இடத்தில் ஓர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டு. இருவருமே தலைவர்கள் என்பதால் எதிர்க்கட்சிக்குக் குறைவில்லை.

முதல் தலைவர் பலவேசம். வயது எழுபத்தொன்று, பஞ்சர் கடை. சொந்த ஊர் முக்கூடல். வாசலில் ஆறு ஓடுகிற ஊரை விட்டுவிட்டு, குடிதண்ணீர் லாரியில் வருகிற இந்த இடத்துக்கு எண்பத்து நான்கில் வந்தவர். காரணம் கேட்டால், "அங்கன ஆத்தோரம் பூரா என் மாமனார் வீட்டு ஆளுக, வே. குளிக்கப் போனாலும் கேள்வி" என்பார். இங்கே உடைமுள் பிழைப்பு கொடுத்தது. முள்ளை இவரே சாலையில் தூவுகிறார் என்று லாரிக்காரர்கள் சொன்னதுண்டு. "நான் எதுக்குத் தூவணும்? மரம் சும்மாவா நிக்கு?" என்று கேட்டுவிடுவார்.

இரண்டாம் தலைவர் நூகு. இரண்டு வருடம் கழித்து எதிரே டீக்கடை போட்டார். டீ ஆறுவதற்குள் பஞ்சர் ஒட்டி முடித்துவிட்டால் பலவேசத்தோடு சண்டை பிடிப்பார். பிறகு புரோட்டா கடை, டெலிபோன் பூத், சலூன் என்று கடைகள் பதினொன்றாயின. அப்போதெல்லாம் சாலையைக் கடக்க இரு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் நாலுவழிச் சாலை அரை கிலோமீட்டர் கிழக்கே போனது, டியூப் இல்லாத டயர் வந்தது, ஒன்பது கடைகள் காணாமல் போயின. இப்போது வாடிக்கையாளர்கள் ஆடு மேய்ப்பவர்களும் வழி தப்பியவர்களும்தான்.

இவ்வளவு வரலாறு இருந்தும் ஊருக்குப் பெயரில்லை. பலவேசபுரம் என்பது பலவேசத்தின் ஆராய்ச்சி முடிவு. நூகு நகர் என்பது நூகுவின் ஆராய்ச்சி முடிவு. முப்பத்தெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது. பேருந்து நடத்துநர்கள் இரு தரப்புக்கும் பயந்து, வாயைத் திறக்காமல் கையைக் காட்டியே ஆட்களை இறக்கிவிட்டார்கள்.

போன தை மாதம் வினை வந்தது. பழைய சாலையில் இன்னும் ஓடுகிற ஒரே பேருந்தின் நிறுத்தங்களைப் புதிதாகப் பட்டியல் போடுகிறார்கள், பெயரில்லாத இடத்தில் இனி வண்டி நிற்காது என்று தகவல். அரிசி, மாத்திரை, ஒட்டுப்போடும் ரப்பர் எல்லாம் அதில்தான் வர வேண்டும். பாளையங்கோட்டையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பலவேசத்தின் மகன் சிவகணேஷ் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டான்.

"எப்பா, பஸ்ஸு நிக்கலைன்னா மறுநாளே வந்து கூட்டிட்டு வந்திருவேன். இங்கன லிஃப்ட் இருக்கு."

"ஏலே, நாள் பூரா லிஃப்டுல ஏறி இறங்கிக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?"

மகனுக்குப் பாசம் அதிகம். ஆபத்தே அதுதான். மனைவி காலமான பிறகு அந்த மாடியில் பதினேழு நாள் இருந்து பார்த்தவர் பலவேசம். பதினெட்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டு, பஞ்சர் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நூகு நகருன்னு எழுதச் சொல்லும், வே. கதை முடிஞ்சுது" என்றார் நூகு.

"அதுக்கு மாடியே தேவலை."

பட்டியல் எழுத ஜீப்பில் வந்த அதிகாரி அனுராதா வடமாவட்டத்துக்காரர். நெல்லைக்கு மாற்றலாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இருவரும் சலவைச் சட்டையில் காத்திருந்தார்கள்.

"பலவேசபுரம்மா."

"யாரு சொல்லுதா? இவரு ஒருத்தருதாம்மா சொல்லுதாரு. நூகு நகர்."

"உம்மை யாரு வே கேட்டா?"

"ஐயா, ரெண்டு பேரும் ஒரே பேரைச் சொன்னா எழுதறேன். இல்லன்னா நிறுத்தம் கிடையாது" என்றார் அனுராதா.

கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். வெயில் தாங்காமல் டீக்கடை நிழலுக்குப் போக நினைத்து, இடையில் இருந்த ஓடை மேல் கிடந்த பலகையில் கால் வைத்தபடியே கடைசியாகக் கேட்டார்: "சொல்லுங்க, இந்த ஊரு பேரு என்ன?"

அந்தப் பலகை ஆடும். அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

"பைய!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். "பைய! பைய!"

எங்கள் பக்கம் பைய என்றால் மெதுவாக. அவர் பக்கம் அது தோளில் மாட்டுகிற பை. கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்பாடா, ஒருவழியா ஒண்ணாச் சொல்லிட்டீங்க!" என்று பட்டியலில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். விளக்கம் சொல்ல நூகு வாயைத் திறந்தார். பலவேசம் அவர் காலை ஓங்கி மிதித்தார்.

மாசியில் புதுப் பெயர்ப்பலகை நட்டார்கள்: 'பைய நிறுத்தம்'. ஓட்டுநர் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டு நூறடி முன்பே வேகத்தைக் குறைத்தார். முதல்முறையாக வாய் திறந்த நடத்துநர், "பைய இறங்கு! பைய இறங்கு!" என்று முழங்கினார். என்னவோ ஏதோ என்று வண்டியில் இருந்த இருபத்திரண்டு பேரும் மெதுவாக இறங்கிவிட்டார்கள். நூகுவுக்குப் பால் போதவில்லை.

இறங்கியவர்களில் சிவகணேஷும் இருந்தான். நிறுத்தம் போய்விடும் என்றே நம்பி, அப்பாவின் துணிமணிகளை எடுத்துப்போக ஒரு பெரிய காலிப்பெட்டியோடு.

"எப்பா, பஸ்ஸு நிக்குதே!"

"நிக்காம? கவர்மெண்டே எழுதிட்டுல்லா!"

"அப்போ இந்தப் பெட்டி?"

"வச்சுட்டுப் போலே. ரப்பர் வெட்டிப் போட்டுவைக்க ஆகும்."