காலில் கட்டிய ரத்தமும் கறுப்புத் திராட்சையும்

அறுபதுகளின் தொடக்கத்தில் அல்சூரில் குடியிருந்தோம். என் கணவர் ராணுவக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. காலையில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுவார். வீட்டுக்கு வந்து இன்னொரு நாற்காலியில் உட்கார்வார். காய்கறி ஆட்டுக்கு, ஆடு நமக்கு என்பது அவருடைய கொள்கை.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் கட்டியிருக்கிறது, கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஊசிகள் போட்டுத் தேற்றி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்:

"மாத்திரைய விடக்கூடாது. தெனம் நடக்கணும். கறியக் கொறச்சிட்டு காய், பழம், பூண்டு, வெங்காயம் சேத்துக்குங்க. ரத்தம் கட்டாம இருக்க அதுவும் கொஞ்சம் ஒதவலாம்."

கடைசியாகச் சொன்னதை மட்டும் என் கணவர் காதில் வாங்கிக்கொண்டார். அதிலும் 'கொஞ்சம்' வழியிலேயே விழுந்துவிட்டது.

காலையில் பச்சைப் பூண்டு. மத்தியானம் தக்காளியும் வெங்காயமும். சாயங்காலம் தட்டு நிறையக் கறுப்புத் திராட்சை, நாற்காலியில் சாய்ந்தபடி. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருந்தது. காபி குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் ரத்த ஓட்டத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார். காபி ஆறும்வரை எடுத்தார்.

"ஏங்க, மாத்திரை அப்படியே கெடக்குதே."

"எல்லாம் திராட்சையிலயே இருக்குது. மாத்திரை கம்பெனிக்காரன் பிசினஸ்."

"நடக்கவும் சொன்னாரே."

"அதான் தெனம் மார்க்கெட்டு போறமே."

போனது நான். கூடையைச் சுமந்து வந்ததும் நான். என் ரத்தம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பொங்கலுக்குள் வலது காலும் வீங்கியது. அதே டாக்டர். "பூண்ட ஒரு நாள்கூட விடல சார்" என்றார் என் கணவர், பெருமையாக.

டாக்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "தெரியுது. மாத்திரை?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"காயும் பழமும் நல்லதுதான். மாத்திரையோட சேத்துச் சொன்னேன். மாத்திரைக்குப் பதிலாச் சொல்லல" என்றார் டாக்டர்.

இந்த முறை ஆஸ்பத்திரிப் படுக்கை நீண்டது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் மூச்சுக்குத் திணறியதைப் பார்த்து மிரண்டுபோனவர், வீடு திரும்பியதும் மாத்திரையைத் தானே கேட்டு வாங்கி விழுங்கினார். அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கவும் கிளம்பினார். தனியாக விட்டால் எங்காவது உட்கார்ந்துவிடுவார் என்று நானும் கூடப் போனேன். கொஞ்ச நாளில், எதிரே வருகிறவர்களை நிறுத்தி நடையின் அருமையை விளக்க ஆரம்பித்தார். அவர்களும் நின்று கேட்டார்கள். இவரும் நின்றுகொண்டே விளக்கினார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.