தெற்குப் பார்த்த தேக்கு வீடு

சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாத ஒருவன் சூரிய வெப்பத்தில் இயங்கும் வீட்டுக்கு யோசனை சொல்ல முடியுமா என்று கேட்டால், முடியும். நான் சொல்லியிருக்கிறேன். பொறியியல் பட்டம் கையில் இருந்தால் இன்னும் சுலபம், யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். அந்த வீடு என்னுடையதாக இருந்திருந்தால் இதை வேடிக்கையாகச் சொல்லி முடித்துவிடுவேன். அது என்னுடையது இல்லை.

மெல்பர்னின் ரோவிலில் எங்கள் தெருவிலேயே, சற்றுத் தள்ளி ஒரு தம்பதி. கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், படகில் வந்து சேர்ந்தவர், தரைக்கு டைல் பதிக்கும் தொழில். மனைவி ஜாவாக்காரி. முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை. மாமியாரோடு போனில் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டதால் அவள் பேசுவது சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். என்னைக் கண்டால், "அண்ணா, சாப்பிட்டாச்சே?" என்பாள். நான் பெற்றதுகள் இரண்டும் என்னைக் கண்டால் ஹெட்போனைச் சரிசெய்துகொள்ளும். "நம்ம பசங்கள அவங்ககிட்ட டியூஷனுக்கு அனுப்பலாம்" என்று என் மனைவி சொன்னது கேலிக்குத்தான், ஆனால் முழுக்கக் கேலி இல்லை.

ஜாவாவில், யோக்யகர்த்தா பக்கத்தில் அவளுடைய அப்பா கட்டிய வீட்டை ஜோக்லோ என்பார்கள். நடுவில் நான்கு உயரமான தேக்குத் தூண்கள், அவற்றின்மேல் தொப்பி வைத்ததுபோல் எழும் கூரை. ஆணியே கிடையாது, எல்லாம் மரத்துக்குள் மரம் செருகியது. அப்பா போன பிறகு சாலையை அகலமாக்க அந்த நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். மரத்தையெல்லாம் மேசை நாற்காலி செய்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அண்ணன்காரர். இவள் விடவில்லை. வீட்டைப் பிரித்து, கன்டெய்னரில் ஏற்றி, மெல்பர்னுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

ரோவிலைத் தாண்டி, மலைப்பக்கம் ஒரு துண்டு நிலம். அங்கே வீட்டை மறுபடி நிறுத்தி, சுற்றுச்சூழலைக் கெடுக்காத கெஸ்ட் ஹவுஸ் ஆக்குவது திட்டம். மழைத் தண்ணீர், கழிவை உரமாக்கும் கழிப்பறை, கேஸ் கிடையாது, குளிருக்கு வெயில் மட்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதன் வழியாகக் குளிர்கால வெயில் உள்ளே வந்து கருங்கல் தரையில் விழும். தரை பகலெல்லாம் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் திருப்பிக் கொடுக்கும். பின்னறை ஒன்றில் அவர்கள் குடியிருப்பார்கள். இரவு வேலையை அவள் விட்டுவிடுவாள்.

"இனி இரவில எல்லாரையும் போல நித்திரை கொள்ளலாம், அண்ணா" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

வரைபடக்காரர் கண்ணாடி முகப்பை வடக்கு நோக்கி வரைந்திருந்தார். அதைப் பார்த்து அவள் முகம் சுருங்கியதைக் கண்டேன். "எங்கட பக்கத்தில வீடுகள் தெற்குப் பார்த்துத்தான் நிக்கும். அப்பா சொல்லுவார். பரவாயில்லை, இது வேற நாடு" என்றாள்.

அங்கேதான் எனக்குள் இருந்த மேதை விழித்தான். "தங்கச்சி, உங்கப்பா சொன்னது விஞ்ஞானம்!" என்றேன். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும், மார்கழியில் எங்கள் ஊரில் தெற்குச் சுவரில்தான் வெயில் காயும், கோயம்புத்தூரில் என் தம்பி மொட்டைமாடி சோலார் பலகைகளைத் தெற்கு நோக்கித்தான் சாய்த்து வைத்திருக்கிறான் என்று அடுக்கினேன். எல்லாம் உண்மை. கோயம்புத்தூருக்கு. பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் வந்தால் வெயில் வடக்கேதான் சாயும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். மெல்பர்னுக்கு வந்த பிறகு கணினித் திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுப் பிழைப்பு நடத்துகிறேன். சூரியனுக்கும் எனக்கும் போக்குவரத்து இல்லை.

அவள் கண்கள் கலங்கின. கேட்க ஆசைப்பட்டுக் கேட்காமல் விட்டதை நான் அறிவியலாகக் கொடுத்துவிட்டேன். "என்ஜினியர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார் கணவர். வரைபடத்தில் வீடு தெற்கு நோக்கித் திரும்பியது. சுவர்களில் குளிரைத் தடுக்கும் பஞ்சை இரட்டிப்பாக்கியதும் காகிதத்தில் எல்லாம் பாஸ். கட்டுமானக்காரர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "ஷ்யூர் தானா, மேட்?" என்றார். ஜாவாவின் ஆயிரம் வருட ஞானத்தைப் பற்றி அவருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். பாவம், டீ ஆறிப்போனது.

உச்சி உத்தரம் ஏறிய அன்று அவர்கள் வழக்கப்படி அவள் வாழைக்குலையும் தேங்காயும் சிவப்பு வெள்ளைத் துணியும் அதில் கட்டினாள். கணவர் கருங்கல் தரையை ஒவ்வொரு கல்லாகத் தானே பதித்தார். முழங்கால் வீங்கிப்போனது. "இது வெயில் படுக்கிற கட்டில், மச்சான், மேடு பள்ளம் இருக்கக் கூடாது" என்றார்.

திறப்பு விழா டிசம்பரில். கோடையின் உச்சியில் இந்த ஊர்ச் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் விழும். அதனால் அன்று மாலை கண்ணாடி வழியே பொன் வெயில் பாய்ந்து வந்து தேக்குத் தூண்களில் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். அவள் இரவு வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

ஏப்ரலில் வெயில் கண்ணாடியை விட்டு விலகியது. மே மாதத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கருங்கல் தரை மீன் கடைப் பலகைபோல் சில்லிட்டுக் கிடந்தது. பாய்களில் பூஞ்சணம் பிடித்தது. மின்சார ஹீட்டர்களை வாங்கி வைத்தாள். சூடெல்லாம் நேராக மேலே போய் அந்தக் கூரைத் தொப்பிக்குள் உட்கார்ந்துகொண்டது. சிட்னி நார்த்மீடிலிருந்து ஓர் இளம் தமிழ்த் தம்பதி வந்தார்கள். காலையில் ஜாக்கெட்டும் ஷூவும் போட்டபடியே படுக்கையிலிருந்து எழுந்து, "அங்கிள், வீடு ரொம்ப அழகா இருக்கு. நாங்க ரோவில்லயே ஒரு மோட்டல் பார்த்துக்கறோம்" என்று கணவரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு வந்தவர்களில் சிலரிடம் மரியாதை இல்லை.

என்னதான் கோளாறு என்று பார்க்க ஜூன் மாதம் ஒரு நண்பகலில் போனேன். முன்பக்கம் நிழல், புல்லில் இன்னும் உறைபனி. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். வடக்கு. அங்கே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. தடித்த சுவரில் அலமாரி அகலத்துக்குக்கூட ஜன்னல் இல்லை. கழிப்பறையில் காற்றுக்காக வைத்த சிறு கண்ணாடி ஜன்னல் மட்டும் வெயிலில் மின்னியது. உள்ளே போய்ப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது. விருந்தாளிகள் கழிப்பறைக்குள் போனால் வெளியே வருவதே இல்லை என்று அவள் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. அங்கேயே மூடியின்மேல் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அவளிடம் நானே போய்ச் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். கணவர்தான் பேசினார். "அப்ப சூரியன் எங்களோட கோவமில்லை, மச்சான். நீங்கள்தான் அவருக்குப் பிழையான விலாசம் குடுத்தது." சிரிக்க முயன்றார். பிறகு குனிந்து, தரைக் கல் ஒன்றை உள்ளங்கையால் தடவினார். அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

வடக்கு நோக்கித் திருப்பிக் கட்டலாமே என்றேன். யோக்யகர்த்தாவிலிருந்து ஒரு தச்சர் வீடியோவில் மூட்டுகளைப் பார்த்தார். ஈரத்தில் செருகல்கள் தளர்ந்துவிட்டன, இன்னும் ஒரு தடவைதான் பிரித்துக் கூட்ட முடியும், அது காய்ந்த, சூடான இடமாக இருக்கட்டும் என்றார். அவள் அதை எங்களுக்குத் தமிழில் சொன்னாள், குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. இங்கே குளிர் இன்னும் பல மாதம் பாக்கி. அதற்குள் அவள் பழைய முதியோர் இல்லத்தில் கெஞ்சி இரவு வேலையைத் திரும்ப வாங்கியிருந்தாள். குயின்ஸ்லாந்திலிருந்து ஒருவர் வீட்டைக் கேட்டார். கடலோரம், குளிரே இல்லாத இடம், கெஸ்ட் ஹவுஸ்தான் நடத்தப்போகிறார். கொடுத்துவிட்டாள்.

பிரித்த அன்று காலை இரவு வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தாள். தூண்கள் ஒவ்வொன்றாக லாரியில் ஏறின. கருங்கல் தரை மட்டும் மேலே ஒன்றுமில்லாமல் திறந்து கிடந்தது, வடக்கிலிருந்து வந்த வெயில் முதன்முறையாக அதன்மேல் முழுசாக விழுந்திருந்தது. கணவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மௌனம் என்றால் எனக்கு ஆகாது. வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"கவலைப்படாத, தங்கச்சி. அங்க நல்ல வெயில், வீடு நல்லா இருக்கும். அவர் திறந்ததும் நாம எல்லாரும் சேர்ந்து போய் நாலு நாள் தங்கிட்டு வருவோம். டிக்கெட்லாம் நான் போடறேன், என்ன?"

அவள் லாரியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் வரேல்லை, அண்ணா."